மழை வந்தால் ராட்டினம் நிற்கும்! சண்டை போடாதீங்க!!

வெளிநாட்டு மாணவ–மாணவிகளை பூங்காவுக்கு அழைத்துப் போகிறவர்கள் கவனத்துக்கு

காஞ்சீபுரம்:

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் காஞ்சீபுரத்தில் இரண்டு காரியத்தை நம்பி நாள் குறிக்க முடியாது. ஒன்று, தெருவில் பட்டுப் பாவு நீட்டுவது. இன்னொன்று, குடும்பத்தோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவது.

வீட்டு ஆட்கள் மட்டும் என்றால், "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடலாம். வெளிநாட்டில் இருந்து படிக்க வந்த மாணவி விருந்தாளியாக வீட்டில் தங்கி இருந்தால்? "ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டுப் போறோம்மா" என்று வாக்கு கொடுத்தாகிவிட்டது. வேன் பேசியாகிவிட்டது. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. விடிந்து பார்த்தால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது!

போவதா, வேண்டாமா? போனால் ராட்டினம் ஓடுமா? ஓடாவிட்டால் கொடுத்த காசு என்ன ஆகும்?

நம்பி அனுப்பிய பிள்ளை

மாணவர் பரிமாற்றம் என்பது புதிய விஷயம் அல்ல. முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்கள் அமைப்பு ஒன்று உண்டு. "ஏ.எப்.எஸ்." என்பது அதன் பெயர். இரண்டாவது உலகப்போரும் முடிந்து ஊரெல்லாம் சுடுகாடாகக் கிடந்த நேரத்தில், 1947–ல் அந்த அமைப்பு பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கியது. ஒருவர் வீட்டில் இன்னொருவர் பிள்ளை தங்கிச் சாப்பிட்டுப் படித்தால் பகை குறையும் என்பது கணக்கு.

ரோட்டரி சங்கமும் இதே வேலையைச் செய்கிறது. ரோட்டரி மாணவர்களுக்கு நான்கு தடைகள் உண்டு. மது கூடாது. போதைப்பொருள் கூடாது. வண்டி ஓட்டக்கூடாது. காதல் கூடாது!

பிள்ளை தங்கும் வீட்டுக்காரர்கள்தான் அங்கே தாய்–தகப்பன். கடல் கடந்து பெற்றவர்கள் நம்பி அனுப்பி இருக்கிறார்கள். பூங்காவில் அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

ஏன் நிறுத்துகிறார்கள்?

பூங்காக்களுக்குப் பஞ்சம் இல்லை. பூந்தமல்லி ரோட்டிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இருக்கின்றன. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் "வொண்டர்லா" நிறுவனத்தின் பெரிய பூங்கா திறக்கப்பட்டது. அதுவும் அடைமழைக் காலம்தான்.

மழை வலுத்ததும் ராட்டினத்தை ஓட்டுகிறவர் விசில் ஊதி நிறுத்துவார். உடனே கீழே இருந்து குரல் வரும்.

"ஏன்யா நிறுத்தறே? காசு குடுத்திருக்கோம்ல?"

"இடி இடிக்குது சார். இறங்கிடுங்க."

"ஒரே ஒரு ரவுண்டு விடுய்யா. பொண்ணு வெளிநாட்டில் இருந்து வந்திருக்கு!"

இந்த இடத்தில்தான் ஆபத்து.

ராட்டினம் என்பது உயரமான இரும்பு. சுற்றிலும் திறந்தவெளி. மின்னல் தேடுவது அதைத்தான். கடைசி இடிச்சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வரக்கூடாது என்பது உலகம் முழுவதும் சொல்லப்படும் பாதுகாப்பு விதி. மழை விட்டதே என்று ஓடக்கூடாது. இடி ஓய்ந்த பிறகு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

இரண்டாவது, பிரேக். உரசி நிறுத்தும் பிரேக் ஈரத்தில் வழுக்கும். மழையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சைக்கிளுக்கே அப்படி என்றால், ஆட்களை ஏற்றிக்கொண்டு பாய்ந்து வரும் ரெயில் ராட்டினத்துக்கு?

மூன்றாவது, காற்று. உயரம் கூடக் கூட காற்றின் வேகமும் கூடும். தரையில் குடை பறக்காத காற்று, மேலே தொட்டியை ஆட்டிவிடும்.

நான்காவதுதான் முக்கியம். மேலே போன வண்டி பழுதாகி நின்றுவிட்டால், ஆட்களை ஏணி வைத்து இறக்க வேண்டும். வழுக்கும் இரும்பு ஏணியில், கொட்டும் மழையில், பயந்து அழும் குழந்தையை எப்படி இறக்குவது?

தண்ணீர் விளையாட்டும் அப்படித்தான். "எப்படியும் நனையத்தானே போறோம்" என்று தூறலில் குளிக்கலாம். மின்னல் வந்தால் முதலில் காலி செய்ய வேண்டியது குளத்தைத்தான்.

மறக்கக்கூடாத ஆண்டுகள்

2012 செப்டம்பரில் பூந்தமல்லியை அடுத்த ஒரு பூங்காவில் ராட்டினத்தில் இருந்து விழுந்து இளம் விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். சிரித்துக்கொண்டே ஏறியவர் வீடு திரும்பவில்லை.

2016 மே மாதம் தாம்பரம் அருகே ஒரு பூங்காவில் ராட்டினத்தை சோதனை ஓட்டம் விட்டபோது விபத்து. பலியானவர் அங்கே வேலை செய்த ஊழியர்.

2025 மே மாதம் இஞ்சம்பாக்கத்தில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றது. 30–க்கும் மேற்பட்டவர்கள் பெண்களும் குழந்தைகளுமாக மணிக்கணக்கில் தொங்கினார்கள். தீயணைப்புப் படையினர் வந்து பத்திரமாக இறக்கினார்கள்.

இந்த மூன்றையும் மழையின் தலையில் போட முடியாது. மழை இல்லாத நாளிலேயே இந்த கதி என்றால், மழையில் "ஒரே ஒரு ரவுண்டு" கேட்பது எவ்வளவு பெரிய விளையாட்டு என்பதை யோசிக்க வேண்டும். "முடியாது" என்று சொல்லும் ஊழியர் எதிரி அல்ல. அன்றைக்கு அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர் அவர்தான்.

அமெரிக்காவில் ஒரு சீட்டு

மாணவி அமெரிக்காவில் இருந்து வந்தவர் என்றால், "ரெயின் செக் கிடைக்குமா?" என்று கேட்கலாம். 1880–களில் அங்கே பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால், இன்னொரு நாள் இலவசமாக வந்து பார்க்க ஒரு சீட்டு கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் பூங்காக்களுக்கும் பரவியது. நம்ம ஊரில் பூங்காவுக்குப் பூங்கா விதி வேறு. டிக்கெட் வாங்கும் முன்பே "மழையில் நின்னா வேற தேதி தருவீங்களா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. நனைந்தபடி கவுண்டரில் கத்துவதைவிட இது லாபம்.

ஜப்பான் பிள்ளைகள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். சுற்றுலாவுக்கு முதல் நாள் வெள்ளைத் துணியில் சின்ன பொம்மை செய்து ஜன்னலில் கட்டுவார்கள். மழை வராமல் இருக்க வேண்டுதல்! பெயர் "தெரு தெரு போசு". இது நம்ம "தெரு" அல்ல. ஜப்பான் மொழியில் "வெயில் அடி" என்கிற மாதிரி அர்த்தம். மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்கிற ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

தறிக்காரர் சொல்லும் பாடம்

ஆனால் மழை வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் காஞ்சீபுரத்திலும் உண்டு. பிள்ளையார்பாளையம் நெசவாளர்களைக் கேட்டால் தெரியும்.

பட்டுப் பாவை தெருவின் நீளத்துக்கு நீட்டி, இழை பார்த்து, அறுந்ததை முடிந்து, சுருட்டி எடுக்க வேண்டும். பாவை நீட்டிய பிறகு தூறல் விழுந்தால் அத்தனை உழைப்பும் வீண். அதனால் வானம் கறுத்தாலே வேலையை நிறுத்திவிடுவார்கள். ஈரக்காற்றில் இழையோடு இழை ஒட்டும். தறிக்குழியில் தண்ணீர் ஊறும். 2015 பெருமழையில் தறிக்குழிகளில் தண்ணீர் நின்று வேலை இல்லாமல் தவித்த குடும்பங்கள் பல.

நெசவாளருக்கு கூலி நாள் கணக்கு இல்லை, சேலை கணக்கு. நிறுத்திய நாளுக்குக் காசு இல்லை. வயிற்றில் அடிக்கிறது என்று தெரிந்தும் நிறுத்துகிறார்கள். "ஈரத்துல இழுத்தா மொத்தமும் போயிடும்" என்பது தறிக்காரர் கணக்கு. ஒரு சேலைக்கே அப்படி. ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பது உயிர்.

மழை நாளில் என்ன செய்யலாம்?

இடி மின்னல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். காஞ்சீபுரத்திலேயே காட்டுவதற்கு நிறைய இருக்கிறது.

வரதராஜ பெருமாள் கோவில் நூறுகால் மண்டபத்தில் நனையாமல் சுற்றலாம். ஒரே கல்லில் செதுக்கித் தொங்கவிட்ட சங்கிலியைப் பார்த்தால் எந்த நாட்டுப் பிள்ளையும் வாயைப் பிளக்கும். பகலில் நடை சாத்திவிடுவார்கள்; காலையிலேயே போய்விட வேண்டும். ஈரக்கல்லில் வெறுங்காலோடு ஓடவிடாதீர்கள். மிளகு, சீரகம், சுக்கு போட்டு மூங்கில் குடலையில் வேகவைத்த காஞ்சீபுரம் இட்லியும் அந்தக் குளிருக்குப் பொருத்தம்.

பூங்காவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் சில விஷயங்கள்:

* பெல்ட், கம்பி சரியாகப் பூட்டி இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். ஆடினால் உடனே சொல்லுங்கள்.

* மழைக்குப் பிறகு ஆள் ஏற்றாமல் ஒரு முறை காலியாக ஓட்டிப் பார்த்தார்களா என்று கவனியுங்கள். ஓட்டிப் பார்க்காவிட்டால் ஏறாதீர்கள்.

* உயரம், வயது விதி வெளிநாட்டு விருந்தாளிக்கும் ஒன்றுதான். சிபாரிசு பிடிக்காதீர்கள்.

* இடி இடித்தால் மரத்தடியில் நிற்காமல், கூரையும் சுவரும் உள்ள கட்டிடத்துக்குள் போய்விடுங்கள்.

* பயப்படும் பிள்ளையை, "காசு குடுத்தாச்சு, ஏறு" என்று வற்புறுத்தாதீர்கள்.

டிக்கெட் காசு போனால் அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம். நம்பி அனுப்பிய பிள்ளையை முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.