'பிரிசம்ப்டிவ்' என்னும் அடைமொழி

அச்சுவேலியிலும் அயற்கிராமங்களிலும் பயின்று, எழுதுவினைஞராயும் சட்டத்தரணிகளாயும் அமர்ந்த நம்மவர் பலர்க்கு 'பிரிசம்ப்டிவ்' என்னும் ஆங்கில அடைமொழி கைவந்த சொல்லேயாம். எனினும் 'ஊகமான' என அதனை மொழிபெயர்த்து அமைதல் போதாதென்பது எமது கருத்து.

இதன் வேர் இலத்தீன். 'முன்னரே எடுத்துக்கொள்ளல்' என்பது பொருள். நிறுவப்படுமுன் ஒன்றை உண்மையெனக் கொண்டு, மாறான சான்று வருங்காறும் அதனையே நிலைநிறுத்துவது இச்சொல்லின் இயல்பு. எலிசபெத் அரசியார் 1936 முதல் 1952 வரை இவ்வடைமொழியோடு கூடிய முடியுரிமையாளராகவே இருந்தார். தந்தையார்க்கு ஆண்மகவு பிறந்திருப்பின் அவ்வுரிமை அகன்றிருக்கும். உடன்பிறப்பாகிய 'பிரிசம்ப்சுவஸ்' செருக்கைக் குறிப்பது. மேலதிகாரிக்கு வரையும் மடலில் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவோர் விளைவை அறிவர்!

சைவசித்தாந்தம் கற்றார்க்கு அருத்தாபத்தி என்னும் அளவை நினைவுக்கு வரும். பகலுண்ணாதான் பருத்திருப்பின் இரவில் உண்கின்றான் எனக் கொள்வது அது. ஆங்கே வேறு வழியின்மையாற் முடிவு பெறப்படுகின்றது. சட்டமோ வேறு வழி இருக்கவும் ஒன்றைக் கொள்கின்றது. வேற்றுமை சிறிதன்று.

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 108ஆம் பிரிவை நோக்குக. ஒருவர் உயிரோடிருப்பின் அவரைப்பற்றி இயல்பாகக் கேள்வியுற்றிருக்கவேண்டியவர் சட்டம் குறித்த காலம் முழுதும் யாதும் கேட்டிலராயின், அவர் உயிரோடுள்ளார் என்பவரே அதனை நிறுவுதல் வேண்டும். மலாயா சென்று மடலும் வராதொழிந்த ஒருவரது காணியைப் பிரிப்பதற்கு இவ்விதி பொருந்தலாம். 1996ஆம் ஆண்டில் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் காணாமற்போன இளைஞர்க்கும், 2009ஆம் ஆண்டு வன்னியில் உறவினர் கண்முன்னே சரணடைந்தோர்க்கும் இது பொருந்துமா?

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போர்ச்சூழலில் ஓராண்டுக்கு மேற் காணாமலிருப்போர்க்கு இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. தாய்மார் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 'கொள்ளப்பட்ட இறப்பு' என்பதில் 'கொள்ளப்பட்ட' என்னும் அடைமொழி தாளில் மங்கி, 'இறப்பு' ஒன்றே எஞ்சும் என்பதை அவர்கள் எந்த அகராதியையும் புரட்டாமலே அறிந்திருந்தனர். அதனை ஒப்பின் தேடலும் முடிந்ததாகிவிடும் என அஞ்சினர்.

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச்சட்டம் வேறொரு சான்றிதழைத் தந்தது. அஃது ஒருவர் இறந்தாரென்று கொள்வதில்லை. காணப்படவில்லை என்று மாத்திரம் கூறும். அதனைக் கொண்டே மனைவி மக்கள் அவரது சொத்தைப் பேணவும், நலக் கொடுப்பனவு கோரவும் இயலும்.