களம் புகுமுன் விருந்து

விருந்தினர் போதும் என்று கை மறித்தாலும், மேலும் ஓர் அகப்பை இட்டு மகிழ்வது தமிழர் வழக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம் முதலிய ஊர்ப்புறங்களில் ஆடி, ஆவணித் திங்கள்களில் நிகழும் மொய் விருந்தைக் கண்டோர் இதனை நன்கறிவர். ஆங்கு அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். பந்தி பந்தியாக மக்கள் உண்டு எழுவர். ஆயின், உண்போர் விளையாட்டு வீரராய், உண்டபின் களம் புக வேண்டியவராய் இருப்பின், விருந்தின் இலக்கணமே வேறாகிவிடும். ஆங்கு அன்பு அளவறிந்து நிற்றல் வேண்டும்.

களம் புகுவார்க்குச் சோறளித்தல் பழந்தமிழர் கண்ட நெறியே. போருக்குச் செல்லும் வீரர்க்கு வேந்தன் உணவளித்தலைத் தொல்காப்பியர் 'பெருஞ்சோற்று நிலை' எனப் பெயரிட்டு, வஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். வேந்தன் தன் படையாளரோடு உடனுண்பான் போன்று செய்யும் முகமன் அது என்பது நச்சினார்க்கினியர் கருத்து. எனவே, அச்சோறு பசியைத் தணித்ததோடு, உண்டாரை ஓரணியாகப் பிணிக்கவும் செய்தது.

இக்காலத்து உடலியல் அறிஞர் இவ்வுணவின் இயல்பை மேலும் விளக்குகின்றனர். சோறு, இட்டிலி போன்ற மாவுப்பொருள் மிக்க உணவு செரித்துச் சர்க்கரையாகிறது. அச்சர்க்கரையின் ஒரு பகுதி கிளைக்கோசன் என்னும் வடிவில் தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கப்படுகிறது. விரைந்து ஓடுவார்க்கும் சடுகுடு ஆடுவார்க்கும் எரிபொருளாவது இதுவே. இரவெல்லாம் உறங்கி எழுந்தபின் ஈரலின் சேமிப்பு மிகக் குறைந்திருக்கும். ஆதலின், காலையில் வெறுவயிற்றோடு களம் புகுதல் தகாது. கொழுப்பு மிக்க உணவோ இரைப்பையை விட்டு நீங்க நெடுநேரமாகும். அவ்வுணவோடு ஓடுவார்க்கு வயிறு கனக்கும்.

ஆகவே, ஆட்டத்திற்கு மூன்று மணி நேரத்திற்கு முன்னரே பந்தியை முடித்தல் நலம். காலை 10 மணிக்கு ஆட்டமெனின், 7 மணிக்குள் இலை எடுத்துவிட வேண்டும். ஆவியில் வெந்த இட்டிலி, காரம் குறைந்த சாம்பார், வாழைப்பழம், காய்ச்சி ஆறிய நீர் ஆகியவை போதும். பூரியும் வடையும் இறைச்சியும் ஆட்டம் முடியும்வரை காத்திருக்கட்டும். பழகாத பண்டங்களை அன்று புதிதாகப் படைத்தலும் ஆகாது. வேர்க்கடலை போன்றவை சிலர் உடம்புக்கு ஒவ்வா. அதனை முன்னரே கேட்டறிதல் வேண்டும். சடுகுடுவில் ஓர் அணிக்குக் களத்தில் ஆடுவோர் எழுவரே. எனினும், வெளியே காத்திருக்கும் மாற்றாட்டக்காரருக்கும் அதே பந்தியில், அதே உணவே அளித்தல் முறை.

ஒரு வேளை உணவு எத்துணைப் பயன் தரும் என்பதற்குச் சாந்தி சௌந்திரராசன் வாழ்க்கை சான்றாகும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் மகளாய்ப் பிறந்த அவர், இளமையில் போதிய உணவின்றி வாடினார். அவரது ஓட்டத்திறன் கண்ட உயர்நிலைப் பள்ளியொன்று அவரைச் சேர்த்துக்கொண்டு, கல்விக் கட்டணத்தை ஏற்றுச் சீருடையும் நண்பகலில் சூடான உணவும் அளித்தது. அதன் பின்னரே அவர் நாளும் மூன்று வேளை உண்டார். அவரே 2006ஆம் ஆண்டில் தோகா நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். பின்னர் ஒரு சோதனையைக் காரணங்காட்டி அவரது பதக்கம் பறிக்கப்பட்டது. ஆயினும், அவர் பயிற்சியாளராகி இளையோர்க்கு ஓடக் கற்பித்தார்.

ஆட்ட நாளில் இடும் ஒரு விருந்தால் மட்டும் வலிமை வந்துவிடாது. நாள்தோறும் உண்ணும் உணவே உடலை வளர்ப்பது. அணியிலுள்ள ஒருவன் நாளும் அரைவயிற்றோடு வருவானாயின், அவன் மனம் குன்றாவண்ணம் அக்குறையை நீக்குதல் பள்ளிக்கும் ஊர்க்கும் கடன். அங்ஙனம் செய்யும் ஊரே தன் வீரரைக் களத்திற்கு அனுப்பும் தகுதியுடையது.