ஊர்வனவும் தவளைகளும்: சட்டம் தரும் காவல்

வன உயிரினப் பாதுகாப்பு என்றவுடன் புலியும் யானையுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. முதலை, ஆமை, பாம்பு, தவளை ஆகியவற்றின்பால் மக்களுக்கு அச்சமும் அருவருப்புமே மிகுதி. ஆனால் இவற்றின் தோலுக்கும் இறைச்சிக்கும் உலகச் சந்தையில் நல்ல விலை கிடைத்து வந்துள்ளது. பரிந்து பேசுவோர் குறைவாகவும் விற்போர் மிகுதியாகவும் உள்ள இவ்வுயிர்களுக்குச் சட்டமே முதல் அரண்.

சட்டத்தின் அமைப்பு

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உயிரினங்களை அட்டவணைகளாகப் பிரித்துக் காவல் அளிக்கிறது. இந்தியாவின் மூவகை முதலைகளும் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. 'வேட்டை' என்னும் சொல்லுக்கு இச்சட்டம் விரிந்த பொருள் தருகிறது. கொல்லுதல் மட்டுமன்றி, பிடித்தல், பொறி வைத்தல், ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துதல் ஆகியனவும் வேட்டையே. ஆற்று மணலிலும் கடற்கரையிலும் முட்டையிடும் உயிர்களுக்கு இவ்விளக்கம் இன்றியமையாதது.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காகக் குறைத்தது. முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடுவோருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும்.

தவளைக்கால் வாணிகம்

1980களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் தவளைக்கால்கள் உறையவைக்கப்பட்டு வெளிநாடுகளுக்குச் சென்றன. அந்நியச் செலாவணி கிடைத்தது உண்மையே. ஆயினும் வயலில் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் தவளைகள் பெருமளவில் அழிந்தன. வாணிகத்துக்கு இலக்கான இருவகைத் தவளைகள் 1985இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987இல் இந்திய அரசு ஏற்றுமதியையே தடை செய்தது.

தடையும் மாற்று வழியும்

தடை விதிக்கும்போது அத்தொழிலால் பிழைத்தோரின் நிலை என்ன என்ற வினா எழுகிறது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டபோது, தமிழ்நாட்டில் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் மக்கள் வருவாய் இழந்தனர். இதற்கு விடை காணச் சட்டத்திலேயே இடம் உண்டு. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பின் நஞ்சைச் சேகரிக்க அனுமதி வழங்கலாம் என்று அதன் 12ஆவது பிரிவு கூறுகிறது. 1978இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டில் விடுகின்றனர். பாம்பும் பிழைக்கிறது, பாம்புக்கடிக்கு மருந்தும் கிடைக்கிறது, பழைய திறமை வீணாகவும் இல்லை.

சட்டத்தின் எல்லை

சட்டத்தால் மட்டும் எல்லாம் நிறைவேறுவதில்லை என்பதற்குக் கரியால் எனப்படும் நீள்மூக்கு முதலை சான்று. 1970களின் நடுவில் இந்தியாவில் இருநூறுக்கும் குறைவான கரியால்களே எஞ்சியிருந்ததாக மதிப்பிடப்பட்டது. 1975இல் தொடங்கிய முதலைத் திட்டத்தின்கீழ் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்து ஆறுகளில் விட்டனர். சம்பல் ஆறு சரணாலயமாயிற்று. எண்ணிக்கையும் உயர்ந்தது. எனினும் 2007-08ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் அங்கு இறந்தன. அவற்றைக் கொன்றது வேட்டைக்காரனின் துப்பாக்கி அன்று. மணல் அள்ளுவதும், அணைகளால் நீரோட்டம் குறைவதும், மீன்வலைகளும் இன்றும் இவ்வினத்துக்கு இடர் விளைவிக்கின்றன.

சட்டம் சந்தையின் கதவை அடைக்க வல்லது. ஆற்றில் நீர் ஓடச் செய்வதும், மணல் திட்டைக் காப்பதும், வயலில் பூச்சிமருந்தின் அளவைக் குறைப்பதும் பாசனம், வேளாண்மை, கனிமம் ஆகிய துறைகளின் பொறுப்பு. வனத்துறை மட்டும் தனித்து நின்று இக்கடமையை நிறைவேற்ற இயலாது. திட்டமிடும் ஒவ்வொரு துறையும் இவ்வுயிர்களைக் கணக்கில் கொள்ளும்போதுதான் அட்டவணையில் எழுதப்பட்ட பெயர்கள் ஆற்றிலும் வயலிலும் உயிரோடு நிலைக்கும்.