எரிந்த வயரும் எரித்த காரணமும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைத் தயங்காமல் பிரித்துப் பூட்டுகிறவர்கள்கூட, அதன் மின்னமைப்பில் பழுது என்றால் பின்வாங்குகிறார்கள். அந்தக் காருக்கு மின்கருவிகளை வழங்கிய பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனத்துக்கு (சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். வழியாகத் தமிழர்களுக்கும் பழகிய பெயர்தான்) ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'இருளின் இளவரசன்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டம் நியாயமானதல்ல. அரை நூற்றாண்டு கடந்த காரில் மின்பழுது பெரும்பாலும் இணைப்புகளில் படிந்த பச்சைக் களிம்பிலும், இடையில் கைமாறிய உரிமையாளர்கள் வரைபடத்தைப் பாராமல் சேர்த்த வயர்களிலுமே பிறக்கிறது.

வரைபடத்தைப் படிப்பதற்கு நிறங்களே வழிகாட்டிகள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் எதுவும் இல்லாமல் நேராக வருவது பழுப்பு. சாவியைத் திருப்பியதும் உயிர்பெற்று, ஃபியூஸைத் தொடாமலே இக்னிஷன் காயிலுக்கும் பெட்ரோல் பம்புக்கும் போவது வெள்ளை. அதே மின்சாரம் ஃபியூஸைக் கடந்தபின் பச்சை. எப்போதும் உயிருடனும் ஃபியூஸின் காவலிலும் இருப்பது ஊதா. உடற்கூட்டுடன் இணையும் எர்த் வயர் கறுப்பு. தொடக்கக் காலக் கார்களில் வேலை செய்யும் ஃபியூஸ்கள் இரண்டே. பின்னாளில் அவை நான்காயின. முகப்பு விளக்குகளுக்கோ ஃபியூஸே இல்லை. ஆகவே பழுப்பு அல்லது வெள்ளை வயர் எங்கேனும் உரசி, உறை கிழிந்து, இரும்பைத் தொட்டுவிட்டால் மின்னோட்டத்தை அறுக்க எதுவும் இருப்பதில்லை. வயரே சூடாகி உருகுகிறது, ஒரே கட்டில் அதனுடன் கிடக்கும் மற்ற வயர்களின் உறைகளையும் உருக்குகிறது.

ஃபியூஸ் இருக்கும் சுற்றிலும் ஒரு பொறி உண்டு. லூகாஸின் கண்ணாடி ஃபியூஸில் அச்சிடப்பட்ட 35 ஆம்பியர் என்பது அது அறுந்துபோகும் அளவு; தொடர்ந்து தாங்குவதற்கு அதற்கு விதிக்கப்பட்டது 17 ஆம்பியர் மட்டுமே. அமெரிக்க வழக்கத்தில் அச்சிடும் எண் தொடர்ந்து தாங்கும் அளவைக் குறிப்பதால், எண் ஒத்திருக்கிறதே என்று 35 ஆம்பியர் அமெரிக்க ஃபியூஸைப் பொருத்தினால், ஃபியூஸ் அறுவதற்கு முன்பே வயர் எரிந்துவிடும்.

சேதத்தின் காரணம் சில நேரங்களில் வயர்க் கட்டிலேயே இருப்பதில்லை. எம்.ஜி.பி.யின் எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் உடற்கூட்டுக்கும் இயல்பாக மின்தொடர்பு கிடையாது. பின்னல் கம்பியாலான ஓர் எர்த் பட்டைதான் இரண்டையும் இணைக்கிறது. கிளட்சையோ கியர்பாக்ஸையோ கழற்றி மாட்டியவர் அந்தப் பட்டையைத் திரும்பப் பூட்ட மறந்தால், ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடி, சோக் கேபிளிலும் ஆக்சலரேட்டர் கேபிளிலும் பாய்கிறது. அவற்றின் உறை புகைகிறது, கேபிள் உள்ளே ஒட்டிக்கொள்கிறது. கேபிளை மட்டும் மாற்றிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் பணிமனைக்கு அதே வண்டி மறுபடி வரும். எரிந்தது எது என்பதை மூக்கே காட்டிவிடும். எரித்தது எது என்பதைத் தேடிக் கண்டபிறகே புதிய வயரை வாங்க வேண்டும்.

அந்தத் தேடலுக்கு உதவுவது, மின்னோட்டம் பாயும்போதே அளக்கும் மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை. இரண்டு முகப்பு விளக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும்போது, களிம்பேறிய ஓர் இணைப்பில் 0.2 ஓம் மின்தடை இருந்தாலே 2 வோல்ட் அளவுக்கு அங்கேயே தொலைந்து வெப்பமாகிறது. விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைக் காட்டிலும் மிக வேகமாகக் குறைவதால், சாலையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. ஆனால் அந்த 0.2 ஓம், மல்டிமீட்டரின் அளவுக் கம்பிகளுக்கே உள்ள தடையளவுதான்; சுவிட்சை அணைத்துவிட்டு ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் பழுதான இணைப்பும் நல்லதாகவே தோன்றும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சினின் உடலிலும் ஊன்றி, ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டால், ஒழுங்கான காரில் அரை வோல்ட்டுக்குள்ளேயே அளவு நிற்கும். எர்த் பட்டை அறுந்த காரில் பல வோல்ட் காட்டும். இதே முறையில் பேட்டரியிலிருந்து விளக்குவரை ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்தால், குற்றவாளி இணைப்பு தானே முன்வந்து நிற்கும்.

வயரைச் சீர்செய்யும்போது உறை கருகிய இடத்தோடு வெட்டை நிறுத்தக் கூடாது. சூடேறிய செம்பு கறுத்து விறைத்திருக்கும் என்பதால், பளபளக்கும் செம்பு தென்படும்வரை பின்னால் வெட்டிச் செல்ல வேண்டும். புதிய துண்டின் நிறமும் தடிமனும் பழையதை ஒத்திருக்க வேண்டும்: 0.30 மில்லிமீட்டர் இழைகள் 14 கொண்டது சுமார் 8.75 ஆம்பியரும், 28 கொண்டது 17.5 ஆம்பியரும், 44 கொண்டது 27.5 ஆம்பியரும் தாங்கும். முனையைத் தகுந்த கருவியால் அழுத்திப் பிணைப்பதே மேல். ஈயப்பற்று வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஊடுருவி, வயரின் அந்தப் பகுதி விறைத்து, அதிர்வில் அதன் விளிம்பிலேயே ஒடியக்கூடும். உருகியது நான்கைந்து வயர்களைத் தாண்டிவிட்டால் ஒட்டுப்போடுவதைக் கைவிட்டு, பழைய நிறங்களோடே இன்றும் தயாராகிவரும் முழு வயர்க் கட்டை வாங்குவதே அறிவுடைமை. அதோடு முகப்பு விளக்குகளுக்கு ரிலேயும் தனி ஃபியூஸும் சேர்ப்பது, பழமையைக் கெடுக்கிறது என்ற முணுமுணுப்பு எழுந்தாலும், செய்தே ஆகவேண்டிய திருத்தம்.

1967 வரையிலான கார்களில் பேட்டரியின் நேர்முனையே எர்த்தாக இருந்ததையும், அதே ஆண்டின் இறுதியில் எதிர்முனை எர்த்தும் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரும் வந்ததையும் மறந்து பேட்டரியைத் தலைகீழாக இணைத்தால், ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்தக் கணமே அழிந்துவிடும்.

வேலை முடிந்தபின் பேட்டரியை உடனே இணைத்துவிடக் கூடாது. அதன் கம்பத்துக்கும் கேபிளுக்கும் இடையே 21 வாட் பிரேக் விளக்கு ஒன்றைத் தொடராக வைத்தால், எங்கேனும் ஷார்ட் சர்க்யூட் எஞ்சியிருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் பாயாது. எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருக்கையில் அந்த விளக்கு முழு வெளிச்சத்தோடு எரிந்தால் எங்கோ ஒரு வயர் இன்னும் இரும்பைத் தொடுகிறது என்று பொருள்; வயர்க் கட்டை ஒவ்வொரு வளைவிலும் கையால் அசைத்துக்கொண்டே போனால், விளக்கு மங்கும் இடத்தில் பழுது பிடிபடும். எரியாவிட்டால் விளக்கை எடுத்துவிட்டு எஞ்சினை இயக்கி, பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டிய அளவு வருகிறதா என்று பார்த்து, முகப்பு விளக்குகளைப் பத்து நிமிடம் எரியவிட்டு, ஃபியூஸ் பெட்டியையும் பழுப்பு வயர்களின் முனைகளையும் விரலால் தொட வேண்டும். சூடு தெரியும் முனையைக் கழற்றி மீண்டும் பிணைத்த பிறகே காரைச் சாலைக்கு எடுக்கலாம்.