கிட்டாரில் 'எஃப்' பிடிக்க வரவில்லையா? விரலைத் திட்டும் முன் இதைப் பாருங்கள்

கிட்டார் வாங்கிய முதல் மாதம் உற்சாகமாகப் போகும். சி, ஜி, டி, ஏ மைனர் எல்லாம் வந்துவிடும். அப்புறம் 'எஃப்' வரும். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்தினால், 'டப் டப்' என்று செத்த சத்தம்தான். "விரல்ல பலம் இல்ல" என்று பலர் கிட்டாரை மூலையில் சாத்துவது இங்கேதான்.

பலம் இரண்டாம் பட்சம். முதலில் கிட்டாரைச் சோதியுங்கள்.

ஆறாவது கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது முதல் ஃபிரெட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு தூக்கி நிற்கிறது? ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி போதும். அதைவிட நிறைய என்றால், தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் 'நட்' உயரமாக இருக்கிறது. விலை குறைந்த கிட்டார்களில் இது சகஜம். அடுத்து 12-ஆவது ஃபிரெட். அங்கே ஆறாவது கம்பியின் உயரம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. நான்கைத் தாண்டினால் யாருக்கும் கை வலிக்கும். கிட்டார் பழுதுபார்ப்பவர் இரண்டையும் சரிசெய்து கொடுப்பார்.

நம் ஊர் ஈரப்பதமும் ஒரு காரணம். மரக் கிட்டாருக்கு 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் தோது. இங்கே 80-ஐத் தொடுவது சாதாரணம். மேல் பலகை உப்பி, கம்பிகளும் உயர்ந்துவிடும். பெர்னாம் ஆற்றை ஒட்டிய ஹுத்தான் மெலிந்தாங்கில், யூடியூப் பார்த்துத் தானாகப் பழகும் பிள்ளைக்கு "தப்பு உன் விரலில் இல்லை" என்று சொல்ல ஆள் வேண்டுமே!

கம்பியையும் மாற்றலாம். 12 கேஜுக்குப் பதில் 10 போட்டால் இழுவிசை நன்றாகக் குறையும். 'பிளாக் சபத்' குழுவின் டோனி ஐயோமி, 1965-இல் பர்மிங்ஹாம் தொழிற்சாலை விபத்தில், கம்பியை அழுத்தும் கையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். மெல்லிய கம்பிகளைப் பூட்டினார், பின்னாளில் சுருதியையும் இறக்கினார். கைக்கு ஏற்றபடி கிட்டாரை மாற்றுவது ஏமாற்று வேலை இல்லை.

சரி, விரலை எப்படி வைப்பது?

எஃப் கோர்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டியதில்லை. 3, 4, 5-ஆவது கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ளும். உங்கள் விரலின் வேலை 1, 2, 6 மட்டும்தான். விரலைச் சற்றுத் திருப்பி, எலும்புள்ள ஓரத்தால் அழுத்துங்கள், ஃபிரெட்டை ஒட்டியே. விரல் மடிப்புக்குள் கம்பி விழுந்தால் சத்தம் வராது. விரலைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போதும். கட்டை விரலால் நசுக்காமல், முழங்கையைப் பின்னால் இழுத்து, கை பாரத்தைக் கொடுங்கள்.

முதல் ஃபிரெட்டில் தொடங்கவும் வேண்டாம். நட்டுக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக இருக்கும். அதே வடிவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் பிடியுங்கள். அது 'ஏ'. பிடிபட்டதும் ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கி வாருங்கள்.

'கேப்போ' மாட்டினால் போதாதா என்று கேட்கலாம். பாடுபவரின் சுருதிக்கு அது உதவும், முழுசாகத் தப்பிக்க முடியாது. சி ஸ்கேலில் எஃப் வரும், ஜி-யில் பி மைனர், டி-யில் எஃப் ஷார்ப் மைனர். ராஜா சார் பாட்டு வாசிக்க ஆசை என்றால் இவை இல்லாமல் நகர முடியாது. ஆனால் ஒரு வடிவம் வந்துவிட்டால், அதை நகர்த்தியே பன்னிரண்டு மேஜர் கோர்டுகளும் கிடைத்துவிடும்: மூன்றில் ஜி, எட்டில் சி.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். விரல் நுனி எரிந்தால் பரவாயில்லை. மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்துப் போனாலோ, அன்றைக்கு கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள்.