மாத்திரை அட்டையில் 300... உள்ளே இரும்பு 60 தான்!

ஃபர்ஸ்ட் இயர் முடிஞ்சதும் கெமிஸ்ட்ரிக்குப் பெரிய கும்பிடா போட்டுட்டு வந்தவங்கதான் நம்மள்ல பாதிப் பேர். ஆனா அது நம்மை அவ்வளவு லேசுல விடாது. உங்க வீட்ல யாராவது ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறாங்களா? அந்த அட்டையை ஒரு தடவை திருப்பிப் பாருங்க.

உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பது தினமும் 30 முதல் 60 மி.கி. இரும்பு. அந்த 60 மி.கி. கிடைக்கணும்னா, நீரேறிய ஃபெரஸ் சல்ஃபேட் 300 மி.கி. வேணும். ஃபெரஸ் ஃபியூமரேட்டா இருந்தா 180 மி.கி. போதும். ஃபெரஸ் குளுக்கோனேட்னா 500 மி.கி. தேவை. கிடைக்கிற இரும்பு ஒண்ணுதான், ஆனா அட்டையில மூணு எண். ஏன்? ப்ளஸ் ஒன்ல படிச்ச இரண்டே படிகள்ல விடை இருக்கு.

படி 1: வாய்ப்பாடு

அயனிச் சேர்மத்துக்கு ஒரே சட்டம்தான்: மொத்த மின்சுமை பூஜ்யம் ஆகணும். ஃபெரஸ் அயனிக்கு +2, சல்ஃபேட் அயனிக்கு -2. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. எனவே ஃபெரஸ் சல்ஃபேட்ல ஒரு இரும்பு, ஒரு சல்ஃபேட்.

இதே இரும்பு ஃபெரிக்கா மாறினா அதன் சுமை +3. இப்போ +3-ம் -2-ம் சமன் ஆகணும். இரண்டுக்கும் பொதுவான எண் 6. அதனால இரண்டு இரும்பு (+6), மூணு சல்ஃபேட் (-6). பேர்ல "ரஸ்", "ரிக்"னு சின்ன வித்தியாசம்தான். வாய்ப்பாடே மாறிடுது பாருங்க.

படி 2: நிறை சதவீதம்

சூத்திரம் ரொம்ப எளிது. சேர்மத்துல அந்தத் தனிமத்தின் மொத்த நிறையை, சேர்மத்தின் மோலார் நிறையால வகுத்து 100-ஆல பெருக்கணும்.

இரும்பு 55.85, கந்தகம் 32.07, ஆக்சிஜன் 16.00. சல்ஃபேட்ல ஒரு கந்தகம், நாலு ஆக்சிஜன். ஆக 32.07 + 64.00 = 96.07. இதோட இரும்பைச் சேர்த்தா ஃபெரஸ் சல்ஃபேட்டின் நிறை 151.92 கிராம்.

இரும்பின் பங்கு: 55.85 ÷ 151.92 × 100 = 36.8%.

இந்தக் கணக்குப்படி 300 மி.கி.-ல 110 மி.கி. இரும்பு இருக்கணும். ஆனா மேலே 60-னுதானே சொன்னோம்? மீதி எங்கே போச்சு?

தண்ணியில! "நீரேறிய"ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தோமே, கவனிச்சீங்களா? இந்த வகையில ஒவ்வொரு ஃபெரஸ் சல்ஃபேட்டோடவும் ஏழு நீர் மூலக்கூறு படிகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு. 7 × 18.02 = 126.14. மொத்த நிறை 278.06 ஆயிடுச்சு.

இரும்பு: 55.85 ÷ 278.06 × 100 = 20.1%
கந்தகம்: 11.5%
சல்ஃபேட்டில் உள்ள ஆக்சிஜன்: 23.0%
படிகநீர்: 45.4%

கூட்டிப் பாருங்க, 100 வரும். வரலைன்னா எங்கேயோ தப்பு. எக்ஸாம்ல இதை விட நல்ல செக்கிங் கிடையாது. இப்போ 300-ல 20.1% எடுங்க: 60.3 மி.கி. கணக்கு டேலி! மாத்திரையில இருக்கிற உப்புல கிட்டத்தட்ட பாதி வெறும் தண்ணி.

எங்கே சறுக்குவோம்?

ஃபெரிக் சல்ஃபேட்டை எடுத்துக்குங்க. மோலார் நிறை 399.91. இதுல இரண்டு இரும்பு இருக்கறதால மேலே போட வேண்டியது 111.70, விடை 27.9%. அவசரத்துல 55.85-ஐயே போட்டா 14% வரும், சரியா பாதி. எத்தனை அணுன்னு எண்ணாம வகுக்கவே வகுக்காதீங்க.

பேப்பர்ல சறுக்கினா இரண்டு மார்க் போகும். வீட்ல சறுக்கினா? 300 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட் சாப்பிடுறவங்களுக்கு, "அதுவும் 300, இதுவும் 300"னு ஃபியூமரேட் மாத்திரையை வாங்கிக் கொடுத்தா என்ன ஆகும்? ஃபியூமரேட்ல இரும்பு 32.9%. 60 இருக்க வேண்டிய இடத்துல கிட்டத்தட்ட 99 மி.கி. உள்ளே போகும். அதனால அட்டையில உப்பின் எடையைப் பார்க்காம, "தனிம இரும்பு இவ்வளவு"ங்கிற வரியைத் தேடுங்க. மாத்திரையை மாத்துறதா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு மாத்துங்க. வீட்ல குட்டிப் பசங்க இருந்தா அட்டையை எட்டாத உயரத்துல வைங்க; இரும்பு மாத்திரையை மிட்டாய்னு நினைச்சு நிறைய முழுங்கிட்டா குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க்: கால்சியம் மாத்திரை அட்டையில "கால்சியம் கார்பனேட் 1250 மி.கி."ன்னு போட்டிருக்கும். கால்சியம் 40.08, கார்பன் 12.01, ஆக்சிஜன் 16.00. கால்சியம் அயனிக்கு +2, கார்பனேட்டுக்கு -2. உள்ளே நிஜமான கால்சியம் எவ்வளவு? 500 மி.கி. வந்தா, கெமிஸ்ட்ரி இன்னும் உங்களை மறக்கலைன்னு அர்த்தம்!