நாளை இல்லாத ஆட்டம்



சென்ற விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து என் தங்கை மகன் குடும்பத்துடன் பள்ளுருத்திக்கு வந்திருந்தான். அவனுக்குப் பேஸ்பால் பைத்தியம். நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவான ஆட்டம் அது. ஒருவர் பந்தை எறிவார், ஒருவர் மட்டையால் அடிப்பார். பெரிய அணிகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுமாம். அதில் முன்னணியில் வரும் அணிகள் மட்டும் அக்டோபர் மாதத்தில் பட்டத்துக்காக மோதும். கடைசியில் வருவது உலகத் தொடர். அதில் 4 ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே பட்டம்.

"மாமா, ஆறு மாசம் யார் வேணும்னாலும் நல்லா ஆடலாம். அக்டோபர்ல ஆடுறவனைத்தான் ஊரு ஞாபகம் வச்சிருக்கும். இங்க அப்படி யாராவது உண்டா?" என்று கேட்டான்.

உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கே நாம் பார்க்க வேண்டியது கால்பந்து. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பை 1941-இல் தொடங்கியது. முதலில் பிரிவு ஆட்டங்கள் நடக்கும். அவற்றில் ஒன்றில் தோற்றாலும் அடுத்ததில் சரிசெய்து கொள்ளலாம். அரையிறுதிக்கு வந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. 90 நிமிடம், அதிலும் முடிவு வராவிட்டால் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. தோற்றவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நான் 1978-இல் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தபோது, தோப்பும்படி டீக்கடைகளில் அடிக்கடி கேட்ட பெயர் கேப்டன் மணி. முழுப்பெயர் டி.கே. சுப்பிரமணியன். ஃபாக்ட் நிறுவன அணியின் ஆட்டக்காரர். அதுவரை கேரளம் அந்தக் கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. 1973 டிசம்பர் 27 அன்று எறணாகுளத்தில் இறுதியாட்டம். எதிரே முன்பே மூன்று முறை கோப்பையை வென்ற ரயில்வே அணி. கேரளம் 3-2 என்று வென்றது. அந்த மூன்று கோலையும் அடித்தவர் தலைவர் மணியே. அடுத்த பட்டத்துக்குக் கேரளம் 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது கிடைத்த இடம் நம் கோயம்புத்தூர்! அதனால்தான் அந்த மூன்று கோல்களும் இவ்வளவு காலம் பேசப்பட்டன. 2017-இல் மணி மறைந்தபோதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஒரு நாள்தான்.

கோல் அடிப்பவர்தான் வீரர் என்பதில்லை. 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தாவில் வங்காளத்துடன் இறுதியாட்டம். கூடுதல் நேரம் முடிந்தும் 2-2. பெனால்டியில் கேரள கோல்கீப்பர் மிதுன் இரண்டு பந்துகளைத் தடுத்தார். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் வங்காளம் தோற்றது. கேரளத்துக்கு 13 ஆண்டுகளுக்குப் பின் கோப்பை கிடைத்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி அணியில் என் பேரனை மாற்று ஆட்டக்காரனாக வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு ஆட்டம் அப்படியே போயிற்று. "நான் தமிழ்ப் பையன், அதான் தாத்தா" என்று சொல்லிவிட்டு பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். இந்த ஊரில் பிறந்து, நம்மைவிட நன்றாக மலையாளம் பேசும் பிள்ளை அவன். அந்தச் சொல் என்னைச் சுட்டது. பயிற்சியாளரைப் போய்ப் பார்த்தேன். ஓட்டம் போதாது, அதுதான் காரணம் என்றார். அவனிடம் வாதம் செய்யாமல் 2022-ஆம் ஆண்டு அரையிறுதியைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன்.

ஏப்ரல் 28, மலப்புறம் மாவட்டம் மஞ்சேரி. கர்நாடகம் முதல் கோலை அடித்துவிட்டது. 30-ஆவது நிமிடத்தில் டி.கே. ஜெஸின் மாற்று ஆட்டக்காரராக உள்ளே இறங்கினார். பத்து நிமிடத்துக்குள் மூன்று கோல். இடைவேளைக்குப் பின் மேலும் இரண்டு. கேரளம் 7-3 என்று வென்றது. அதில் ஐந்து, தொடக்கத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவருடையது!

"இவரு முதல்ல பெஞ்சுலயா இருந்தாரு?" என்றான் பேரன். அந்த அரை மணி நேரமும் ஜெஸின் தயாராகவே இருந்ததை மட்டும் சொன்னேன்.

மறுநாள் தங்கை மகன் இன்னொரு கதை சொன்னான். 1956 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் டான் லார்சன் தடுமாறியதால், அவரை இரண்டாவது சுற்றிலேயே வெளியே அழைத்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 8 அன்று, ஐந்தாவது ஆட்டத்தில் பந்தெறிய அவரையே மறுபடியும் அனுப்பினார்கள். எதிரணியின் 27 பேரும் வரிசையாக வந்து, ஒருவர்கூட முதல் தளத்தைத் தொடாமல் திரும்பினார்கள். உலகத் தொடரில் அப்படி ஒரு முழு ஆட்டத்தை எறிந்தவர் இன்றுவரை அவர் ஒருவரே. இத்தனைக்கும் வாழ்நாள் கணக்கில் அவர் பெயரில் 81 வெற்றி, 91 தோல்வி. சாதாரணமாகத் தெரிந்த ஒருவர்தான்.

இவற்றிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். பெரிய நாளில் ஒளிர்பவர் எப்போதும் அணியிலேயே பெரிய ஆட்டக்காரராக இருப்பதில்லை. முன்தினம் ஒதுக்கப்பட்டவராகவும் இருக்கலாம். ஆனால் அழைப்பு வரும்போது அவர் மைதானத்தில் இருக்கிறார், வீட்டில் இல்லை. ஜெஸினுக்குப் பந்து கொடுத்த கால்களும், லார்சனின் எல்லாப் பந்துகளையும் பிடித்த யோகி பெராவின் கைகளும் கணக்கில் சேர வேண்டியவையே.

வேற்றூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது பயன்படும். ஒதுக்கப்படுவது சில நேரம் உண்மையாகவும் இருக்கும். அப்போது பெற்றோர் போய்க் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன்பே பிள்ளை விலகிவிட்டால், கேட்டும் பயனில்லை.

பேரன் இப்போதும் மாற்று ஆட்டக்காரன்தான். ஆனால் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடுகிறான். சென்ற வாரம் கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள். கோல் எதுவும் அடிக்கவில்லை. பூட்ஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கு அதுவே போதும்.